வரிசையில் நிற்காத இலக்கியம்

1

அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் மராத்தி நண்பர் ஒருவர் மதியச் சாப்பாட்டின்போது கேட்டார், "பசியைப் பற்றி உங்கள் மொழியில் நல்ல எழுத்து இருக்கிறதா?" தெரியாமல் வாயைக் கொடுத்துவிட்டார். மணிமேகலையில் ஆரம்பித்து, புறநானூற்றுப் புலவர்களின் வீட்டு அடுப்பு, தி.ஜானகிராமன், கு.அழகிரிசாமி என்று தட்டு காய்கிற வரைக்கும் பேசினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "உங்கள் மாநிலத்தில்தானே கார்டு வைத்திருக்கிற எல்லாருக்கும் அரிசி கொடுக்கிறார்கள்? அதைப் பற்றிய கதை எது?"

எனக்குப் பதில் வரவில்லை. அன்றிரவு புத்தக அலமாரிக்கு முன்னால் நின்று யோசித்தேன். ரேஷன் கடை நம் கதைகளில் வராமல் இல்லை. அங்கே போய்த் திரும்பும் வழியில் யாரோ யாரையோ பார்க்கிறார்கள். கூட்டத்தில் ஒரு சண்டை நடக்கிறது. சினிமாவில் அது ஒரு நகைச்சுவைக் காட்சி, அல்லது கதாநாயகன் பதுக்கல்காரனை அடிக்கும் காட்சி. ஆனால் அந்த வரிசையையே பொருளாகக் கொண்டு, அதில் நிற்பது மனிதனுக்கு என்ன செய்கிறது என்று கேட்டு எழுதப்பட்ட ஒரு பெரிய படைப்பை என் வாசிப்பிலிருந்து எடுத்துக் காட்ட முடியவில்லை.

நான் வளர்ந்தது தென்காசிக்கும் பாவூர்சத்திரத்துக்கும் நடுவில் ஒரு கிராமத்தில். ஆச்சி பீடி சுற்றினாள். அம்மா மாதத்தில் இரண்டு நாள் ரேஷன் கடை வரிசையில் நின்றாள், பள்ளி விடுமுறை என்றால் நானும் நின்றேன். என் பால்யத்தில் கோயிலுக்குப் போனதைவிட அந்தக் கடைக்குப் போனதுதான் அதிகம். இருந்தும் வாசகனாக இத்தனை வருடத்தில் அந்த இடம் இலக்கியத்தில் இல்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. இந்தக் கட்டுரை அந்த உறைக்காமையைப் பற்றியது.

2

பசி இலக்கியத்துக்குள் வருவதற்கு நம் மரபு ஒரு வாசல் வைத்திருக்கிறது. அந்த வாசலில் எப்போதும் இரண்டு பேர் நிற்கிறார்கள்: கொடுக்கிறவன், கேட்கிறவன். திருக்குறளில் ஈகைக்கு ஓர் அதிகாரம் உண்டு. இரவுக்கு ஒன்று, இரவச்சத்துக்கு ஒன்று. கேட்பதன் கூச்சத்தை வள்ளுவர் அளவுக்கு நுட்பமாகச் சொன்னவர்கள் குறைவு. ஆனால் கொடுக்கிறவன் என்று ஒருவனும் இல்லாமல், கேட்பது என்ற செயலும் இல்லாமல் உணவு கைமாறும் ஓர் ஏற்பாட்டுக்கு அங்கே அதிகாரம் இல்லை. இருக்கவும் முடியாது, அப்படியொரு ஏற்பாடு அன்றைக்கு இல்லை.

நவீன இலக்கியமும் அந்த வாசல் வழியாகத்தான் வந்தது. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையில் தீபாவளிக்கு முந்தைய இரவில் இல்லாத வீடு ஒன்று தன்னைவிட இல்லாத ஒரு சிறுவனை ஏற்றுக்கொள்கிறது. ஜானகிராமனின் 'பரதேசி வந்தான்' கதையில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துவிட்ட ஒருவனைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பி இழுத்து வெளியே தள்ளுகிறார்கள். முதல் கதை கொடுத்தலின் உச்சம். இரண்டாவது மறுத்தலின் கொடூரம். இரண்டுமே பெரிய கதைகள். இரண்டிலும் உணவின் மீது ஒருவருக்கு அதிகாரம் இருக்கிறது, அந்த அதிகாரத்தை அவர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதில்தான் கதையின் உயிர் இருக்கிறது.

பந்திக்கும் வரிசைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன். பந்தியில் அழைக்கப்பட்டவன் உட்காருகிறான். அழைத்தவனுக்கு எழுப்பிவிடும் அதிகாரமும் உண்டு. ரேஷன் வரிசையில் யாரும் யாரையும் அழைக்கவில்லை. அட்டையில் பெயர் இருக்கிறது, மாதம் பிறந்திருக்கிறது, அவ்வளவுதான். கடைக்காரர் சிடுசிடுக்கலாம், எடையில் கை வைக்கலாம், "சீனி நாளைக்குத்தான்" என்று சொல்லலாம். ஆனால் அவர் தருமம் செய்யவில்லை என்பது அவருக்கும் தெரியும், எதிரே பையை விரித்துப் பிடித்திருக்கிற என் அம்மாவுக்கும் தெரியும். அம்மா ஒருநாளும் அவரைக் கும்பிட்டதில்லை. திட்டியிருக்கிறாள்.

கும்பிடாமல் திட்டி வாங்குகிற இந்த அரிசியை நம் இலக்கியத்தால் ஏன் எழுத முடியவில்லை? நாடகம் குறைவு என்பது ஒரு பதில். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலில் தெருவே குடத்தோடு காத்திருக்கிறது. ஜமுனாவும் சாயாவும் வாழ்கிற அந்தத் தெருவில் தண்ணீருக்காகக் காத்திருப்பதுதான் வாழ்க்கையின் தாளமே. காத்திருப்பை எழுத முடியும், அதிலிருந்து ஒரு மனுஷி நிமிர்வதை எழுத முடியும் என்று அவர் காட்டிவிட்டார். அப்படியென்றால் குறை வரிசையில் இல்லை, நம் பார்வையில் இருக்கிறது. 'தண்ணீர்' ஒரு பற்றாக்குறையின் கதை. வராத ஒன்றுக்காகக் காத்திருப்பது கண்ணில் படுகிறது. மாதாமாதம் வந்துகொண்டே இருப்பது கண்ணில் படுவதில்லை.

3

மாதாமாதம் வருகிற இந்த அரிசி எங்கிருந்து வந்தது என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது.

தென்காசியிலிருந்து செங்கோட்டை பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். ஆனால் 1956 நவம்பர் 1 வரைக்கும் அது வேறு ராஜ்ஜியம். தென்காசி சென்னை மாகாணத்தில், செங்கோட்டை திருவிதாங்கூரில். நாஞ்சில் நாடும் செங்கோட்டையும் திருவிதாங்கூரின் நெல் விளையும் பக்கங்கள். ஆனாலும் அவை அந்த ராஜ்ஜியத்துக்குப் போதவில்லை. தென்னையும் மிளகும் ரப்பரும் விளைந்த நாட்டுக்கு அரிசியின் பெரும்பகுதி வெளியிலிருந்து, முக்கியமாக பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்ததும் அந்தக் கப்பல்கள் நின்றன. திருவிதாங்கூரும் கொச்சியும் வேறு வழியில்லாமல் ரேஷனைப் பட்டணத்தோடு நிறுத்தாமல் கிராமங்களுக்கும் கொண்டுபோயின.

பிரிட்டிஷ் இந்தியாவில் நடந்தது வேறு. 1942 டிசம்பரில் தனி உணவுத் துறை உருவானது. 1943இல் கிரகரி தலைமையிலான உணவு தானியக் குழு பெரிய நகரங்களில் ரேஷனைக் கொண்டுவரச் சொன்னது. பம்பாயில் தொடங்கி, சென்னை முதலான நகரங்களுக்கு அது அடுத்தடுத்து வந்தது. நோக்கம் கருணை இல்லை. யுத்தத்துக்கு வேலை செய்கிற ஆலைகளும் துறைமுகங்களும் அலுவலகங்களும் நிற்கக்கூடாது. அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட 'பாவர்டி அண்ட் ஃபேமின்ஸ்' நூலில் வங்காளப் பஞ்சத்தை ஆராய்ந்த பகுதியைப் படிக்கும்போது இது வயிற்றைப் பிசையும். கல்கத்தாவின் தொழிலாளிக்கு மலிவு விலை அரிசி உறுதி செய்யப்பட்டது. அதற்கான நெல்லை விளைவித்த கிராமத்துக் கூலி அந்த நகரத்தின் நடைபாதைக்கு வந்து செத்தான். இறந்தவர்கள் 15 லட்சம் என்றது அரசின் விசாரணைக் குழு. 30 லட்சம் அளவுக்கு இருக்கும் என்றார் சென்.

ஆக, ரேஷன் பிறக்கும்போது அது நகரத்துக்கான ஏற்பாடு, யுத்தத்துக்கான ஏற்பாடு. பிரிட்டனிலும் அப்படித்தான்: 1940 ஜனவரியில் தொடங்கி 1954 ஜூலையில் முடித்துவிட்டார்கள். இங்கேயும் முடிக்கப் பார்த்தார்கள். காந்தியின் வற்புறுத்தலில் 1947 டிசம்பரில் கட்டுப்பாடு தளர்ந்தது, விலை ஏறியது, அடுத்த ஆண்டே திரும்ப வந்தது. பிறகு 1952. அந்த ஆண்டு ஏப்ரலில் சென்னை மாநில முதல்வரான ராஜாஜி ஜூனில் அரிசிக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் நீக்கினார். நாடே பயந்துகொண்டிருந்த காரியத்தை அவர் செய்தார், மழையும் கைகொடுத்தது, அது வெற்றி என்று கொண்டாடப்பட்டது.

4

ராஜாஜி பெயரைச் சொன்னதும் குற்றாலம் வந்துவிடுகிறது. ரசிகமணி டி.கே.சி. தம் கடைசிக் காலத்தில், 1954இல் மறையும்வரை, வாழ்ந்தது குற்றாலத்தில். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்தார்கள். தமிழ் விமரிசனத்தில் 'ரசனை' என்ற சொல்லுக்கு ஒரு முகவரி உண்டென்றால் அது அந்த வீடுதான். கவிதையை அவர் சொல்லிக் காட்டும் விதத்தைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் அவர் வீட்டு விருந்தையும் சேர்த்தே எழுதினார்கள். உபசாரமும் கவிதையும் அங்கே ஒரே காரியம்.

டி.கே.சி.யைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நான் கவிதை வாசிக்கக் கற்றதில் அவருக்குப் பங்கு உண்டு. ஆனால் ஒரு பொருத்தம் கண்ணில் படுகிறது. அரிசிக்குக் கட்டுப்பாடு இருந்த பத்தாண்டுகளின் பெரும்பகுதியில் தமிழின் மிக நுட்பமான ரசிகர்கள் கூடிய இடம் ஒரு நிறைவின் இடம். குற்றாலத்தின் இலக்கிய நினைவே நிறைவைப் பற்றியது. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி சொல்லும் மலையில் குரங்குக்கே பழம் மிஞ்சுகிறது. மந்தி சிந்திய பழத்துக்கு வானத்தவர் கெஞ்சுகிறார்கள். எவ்வளவு அழகான கற்பனை! ஆனால் கவனியுங்கள், அந்த நிறைவிலும் கொடுக்கிறவரும் கெஞ்சுகிறவரும் இருக்கிறார்கள். இடம் மட்டும்தான் தலைகீழ். அந்த நூலுக்காகக் கவிராயருக்கு மதுரை நாயக்க மன்னர் கொடுத்த நிலம் 'குறவஞ்சி மேடு' என்று பெயர் பெற்றது. கவிதைக்கு நிலம். அதுவும் ஈகைதான்.

நிறைவு வந்தால் கொடுப்பவனுக்கு என்ன ஆகும் என்று மரபில் ஒரே ஓர் இடத்தில்தான் யோசித்திருக்கிறார்கள் என்று படுகிறது. மணிமேகலையில் ஆபுத்திரன் கதை. சிந்தாதேவி கொடுத்த அமுதசுரபியால் அவன் மதுரையில் எல்லாருக்கும் சோறிடுகிறான். இந்திரன் நாட்டில் மழையைப் பெய்ய வைக்கிறான். வளம் பெருகுகிறது. சோறு கேட்டு யாரும் வரவில்லை. பசித்தவனைத் தேடிக் கப்பலேறுகிறான் ஆபுத்திரன், ஆளில்லாத மணிபல்லவத்தில் தனியே விடப்படுகிறான், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் துறக்கிறான். கொடுப்பதற்கு ஆளில்லாத பாத்திரம் அவனுக்குப் பாரம்.

இந்திரன் செய்ததும் 1952இல் நடந்ததும் எனக்கு ஒன்றாகத் தெரிகிறது. மழை பெய்துவிட்டது, இனி பாத்திரம் எதற்கு? ஆனால் மழை வருடாவருடம் பெய்வதில்லை. 1965, 66 வறட்சியில் அரிசிக்கு நாடே திண்டாடியது. 1965 ஜனவரி 14, பொங்கல் நாளில் இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். 1967 தேர்தலில் தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றது. அண்ணா முதல்வரானதும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டார்கள். 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. அதற்கப்புறம் யார் ஆட்சிக்கு வந்தாலும் இந்தப் பாத்திரத்தைப் பொய்கையில் விடும் துணிச்சல் வரவில்லை. பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் கடைகளாக அது ஊர் ஊராகப் பரவியது. நகரத்துக்காகப் பிறந்த ஒன்று கிராமத்துக்கு வந்து சேர்ந்தது. 2006 ஜூனில் கிலோ 2 ரூபாய், 2008 செப்டம்பரில் 1 ரூபாய், 2011 ஜூனிலிருந்து விலையில்லை.

இந்த வரிசையில் ஒவ்வொரு தேதிக்கும் ஓர் அரசியல்வாதி உரிமை கொண்டாடுவார். பையில் தலைவர் படம் வரும். அதாவது, கொடுப்பவன் இல்லாத ஏற்பாட்டுக்குள் கொடுப்பவனைத் திரும்பத் திரும்ப உட்கார வைக்கிறோம். ஈகையைத் தவிர வேறு மொழி நமக்குக் கைவரவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 'இலவசம்' என்று ஏளனமாகச் சொல்கிறவரும் 'வள்ளல்' என்று போஸ்டர் ஒட்டுகிறவரும் ஒரே அகராதியைத்தான் வைத்திருக்கிறார்கள்.

5

மொழி இல்லாவிட்டால் என்ன குறைந்துவிட்டது, அரிசிதான் வருகிறதே என்று கேட்கலாம். குறைகிறது என்று எனக்குத் தெரிந்தது நானே அந்தக் குறைக்கு ஆளான பிறகுதான்.

சில ஆண்டுகளுக்கு முன்னால் கல்லூரி நண்பர்களின் வாட்ஸப் குழுவில் ரேஷன் பற்றி விவாதம் வந்தது. நான் ஒரு நீண்ட பதிவு போட்டேன். கார் வைத்திருப்பவர், வருமான வரி கட்டுபவர், சொந்த வீட்டுக்காரர் எல்லாரையும் வடிகட்டினால் மிச்சப் பணத்தில் உண்மையான ஏழைக்கு இரட்டிப்பாகக் கொடுக்கலாம். "நாலு டேபிள ஜாயின் பண்ணா முடிஞ்சுது" என்று எழுதினேன். எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கினார்கள்.

அந்த யோசனை என்னுடையது இல்லை என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1997 ஜூனில் மத்திய அரசு அதைத்தான் செய்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழே ஒரு விலை, மேலே ஒரு விலை. நாட்டின் பெரும்பகுதியில் அட்டைகள் பிரிந்தன. தமிழ்நாடு பிரிக்கவில்லை. இங்கே பச்சை அட்டை அரிசிக்கு, வெள்ளை அட்டை கூடுதல் சீனிக்கு, எது வேண்டும் என்பதை வீட்டுக்காரரே தேர்ந்துகொண்டார். வரிசையில் நிற்கப் பொறுமையில்லாதவர் தானாக விலகிக்கொண்டார். யாரும் ஏழை என்று நிரூபிக்க வேண்டியதில்லை. 2013இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2016 நவம்பரில் ஏற்றபோதும் மாநிலம் 'எல்லாருக்கும்' என்பதைக் கைவிடவில்லை. ஜான் திரேஸும் ரீத்திகா கேராவும் 2011இல் ஒன்பது மாநிலங்களில் நடத்திய கள ஆய்வில் தமிழ்நாட்டின் கடைகள் நன்றாக நடப்பவற்றில் ஒன்றாகத் தெரிந்தன.

வடிகட்டியில் இரண்டு வகைப் பிழை உண்டு. வரக்கூடாதவர் உள்ளே வருவது ஒன்று. வரவேண்டியவர் வெளியே நிற்பது இன்னொன்று. எங்கள் தொழிலில் இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதிச் சதவீதம் போடுவோம். தமிழ்நாட்டில் குடும்ப அட்டைகள் 2 கோடிக்கு மேல். 99 சதவீதம் துல்லியம் என்றால் எந்த மேலாளரும் கைதட்டுவார். மிச்ச 1 சதவீதம் 2 லட்சம் வீடு. முதல் பிழையில் அரசுக்குச் சில மூட்டை நஷ்டம். இரண்டாவதில் ஓர் அடுப்பு எரியாது. 2017இல் ஜார்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் ஆதாரோடு இணைக்காததால் அட்டை ரத்தான ஒரு வீட்டில் 11 வயதுச் சிறுமி இறந்தாள். பட்டினி என்றார் அவள் தாய். நோய் என்றது அரசு. வாதம் எப்படி முடிந்தாலும், அந்த வீடு வரிசைக்கு வெளியே நின்றது என்பதில் மாற்றமில்லை.

அட்டை பிரிவது எதில் முடியும் என்பதற்கு இலங்கையைப் பார்க்கலாம். அங்கே யுத்த காலத்தில் வந்த கூப்பன் அரிசி சுதந்திரத்துக்குப் பிறகும் எல்லாருக்கும் தொடர்ந்தது. 1953இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியபோது ஆகஸ்ட் 12 அன்று நாடே ஹர்த்தாலில் இறங்கியது. பிரதமர் டட்லி சேனநாயக்க சில வாரங்களில் பதவி விலகினார். எல்லாரும் வாங்கிய அரிசி அது. கை வைத்தால் எல்லாருக்கும் வலித்தது. 1979இல் அதை ஏழைகளுக்கு மட்டுமான உணவு முத்திரையாக மாற்றினார்கள். விலைவாசி ஏற ஏற முத்திரையின் மதிப்பு கரைந்தது. 1953 போல ஒரு ஹர்த்தால் அதற்காக நடக்கவில்லை. நடுத்தர வர்க்கம் ஏற்கனவே வெளியே போயிருந்தது.

6

ஆச்சி நாற்பது வருடம் பீடி சுற்றியவள். கடைகளில் விரல்ரேகை இயந்திரம் வந்த பிறகு ஒரு மாதம் அவள் ரேகை விழவில்லை. கையைத் துடைத்து, எண்ணெய் தடவி, வேறு விரலை வைத்து எல்லாம் பார்த்தாயிற்று. அன்று ஓடிபிக்கும் போன் கையில் இல்லை. "நாளைக்கு வாங்க ஆச்சி" என்றிருக்கிறார்கள். வீட்டில் வேறு ஆள் போய் ரேகை வைத்து வாங்கிக்கொள்ளலாம், வயதானவர்கள் ஓர் ஆளை எழுதிக்கொடுத்து அனுப்பலாம் என்று விதி இருக்கிறது. மறுநாள் அம்மா போய் வாங்கி வந்தாள், அரிசி நஷ்டமாகவில்லை. ஆனால் ஆச்சி அன்று சாயங்காலம் என்னிடம் போனில் சொன்னது வேறு.

"எய்யா, எம் பேரு அட்டையில இருக்குல்லா? பொறவு எதுக்கு நான் நாந்தானான்னு கேக்கு அந்த மிசினு?"

பொருத்தம் இத்தனை மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நிராகரி என்று எங்கோ ஓர் அறையில் என்னைப் போல ஒருவன் ஒரு வரி எழுதியிருப்பான். அவன் கெட்டவன் இல்லை. திருட்டைத் தடுக்க எழுதியிருப்பான். நான் வாட்ஸப்பில் எழுதிய அந்த நாலு டேபிள் ஞாபகம் வந்தது. ஆச்சி கேட்டது இலக்கியக் கேள்வி. உரிமைக்காரி திடீரென்று கேட்கிறவளாக ஆன நிமிஷம் அது. நிரூபி என்று சொன்ன உடனே வரிசை மறைந்து பழைய வாசல் திரும்ப வந்துவிடுகிறது, கொடுக்கிறவனும் கேட்கிறவனுமாக. 2017இல் வந்த ஸ்மார்ட் கார்டிலேயே முன்னுரிமை உள்ளவர், இல்லாதவர் என்று பிரிவு எழுத்துகள் அச்சாகியிருக்கின்றன. இப்போதைக்கு அந்த எழுத்தால் பெரிய வித்தியாசம் இல்லை. நாளைக்கு ஒரு டேபிளை ஜாயின் செய்ய அதுவே போதும்.

இவ்வளவு சொன்ன பிறகு எதிர்த்தரப்பையும் சொல்லியாக வேண்டும். எங்கள் மாவட்டத்தின் நிரந்தரச் செய்தி: புளியரை சோதனைச் சாவடி வழியாகக் கேரளாவுக்குக் கடத்த முயன்ற ரேஷன் அரிசி பறிமுதல். விலையில்லா அரிசி மாவட்ட எல்லை தாண்டி, தீட்டப்பட்டு, வேறு பையில் விலைக்கு வருகிறது. அரிசி மேற்கே போவது இன்று நேற்றைய கதையில்லை. விலை எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் மலையே தடுத்தாலும் போகும். சில மாதங்களில் அரிசி வாடை அடிக்கும். கோழிக்கும் ஆட்டுக்கும் போடுகிற வீடுகள் உண்டு. வாங்கியதை அப்படியே விற்கிற வீடுகளும் உண்டு. இதெல்லாம் உண்மை.

ஆனால் விமரிசகனாக ஒன்று கேட்கிறேன். ரேஷனைப் பற்றி நாம் சொல்லிக்கொள்ளும் ஒரே கதை வடிவம் ஏன் கடத்தல் செய்தியாக இருக்கிறது? பிடிபட்ட மூட்டைக்குச் செய்தி உண்டு. அதே மாதம் வீட்டுக்கு வந்து இட்லியான மூட்டைக்குச் செய்தி இல்லை. நாளிதழில் இது இயல்பு, அவர்கள் தொழில் அது. இலக்கியத்தின் தொழில் மிச்சத்தைப் பார்ப்பது. அதை நாம் செய்யாததால், வரிசையைப் பற்றி முடிவெடுக்கும் நாளில் நம் கையில் புள்ளிவிவரமும் கடத்தல் செய்தியும் மட்டும்தான் இருக்கும். நான் வாட்ஸப்பில் பேசியது அந்த இரண்டையும் வைத்துத்தான். அம்மாவோடு வெயிலில் நின்ற ஞாபகம் எனக்கு இருந்தது, ஆனால் அது வாதத்துக்கு உதவும் என்று யாரும், எந்தப் புத்தகமும், எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

7

அந்த விவாதம் நடந்த சமயத்தில் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். நான் சம்பாதிக்கிறேன், நமக்கு எதற்கு ரேஷன் அரிசி, விட்டுக்கொடுத்துவிடலாம், போனிலேயே செய்துவிடலாம் என்று. நல்ல காரியம் செய்கிற தொனியில்தான் சொன்னேன். அம்மா இட்லிக்கு ரேஷன் புழுங்கலரிசியைக் களைந்துகொண்டிருந்தாள்.

"நீ சொல்லுதது சரிதாம்ல. ஆனா வாடை அரிசி போட்டா கேக்கது யாரு? நானும் டீச்சர் மதினியும் கேப்போம். நாங்க ரெண்டு பேரும் வரலேன்னா அவன் போடுததுதான் அரிசி."

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் 'எக்ஸிட், வாய்ஸ், அண்ட் லாயல்டி' என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். நைஜீரிய ரயில்வேயிலிருந்து தொடங்குகிறது அவர் யோசனை. ரயில் மோசமானால், குரல் கொடுக்கக் கூடியவர்கள் லாரிக்கு மாறிவிடுகிறார்கள். மிஞ்சியவர்களின் குரல் யாருக்கும் கேட்பதில்லை. ரயில் இன்னும் மோசமாகிறது. அந்தப் புத்தகத்தை நான் அம்மாவுக்குப் பிறகுதான் படித்தேன். நாங்கள் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுப்பது பெருந்தன்மை என்று நான் நினைத்திருந்தேன். ஈகையின் மொழி மட்டுமே தெரிந்தவனுக்கு அப்படித்தான் தோன்றும்.

போன சாரல் சமயத்தில் ஒரு காலை கடைக்கு நானே போனேன். இன்னும் திறக்கவில்லை. வாசலில் ஆள் யாரும் இல்லை, வரிசை மட்டும் இருந்தது. ஒரு செங்கல், ஒரு கட்டைப்பை, ஒற்றைச் செருப்பு, மறுபடி ஒரு கல், அதன்மேல் மடித்து வைத்த மஞ்சப்பை. எல்லாம் யாரோ ஒருவருக்குப் பதிலாக. எதிர்த் திண்ணையில் தூறலுக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்த பெண்கள் பீடித் தட்டோடு பேசிக்கொண்டிருந்தார்கள். எந்தக் கல் யாருடையது என்று யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மாற்றியும் வைக்கவில்லை.

மராத்தி நண்பருக்குச் சொல்ல எனக்கு இன்னும் கதை கிடைக்கவில்லை. யாராவது எழுதுவதாக இருந்தால் அந்தச் செங்கல்லிலிருந்து ஆரம்பிக்கலாம். என் பையை மஞ்சப்பைக்குப் பின்னால் வைத்துவிட்டுத் திண்ணைக்குப் போனேன். "யாரு, ஆச்சி பேரனா? உக்காரு, ஒனக்கு முன்னால அஞ்சு" என்று இடம் விட்டார்கள்.